எடை இறங்கும் மாதம்

நோன்பு தொடங்கினால் கல்யாணங்கள் நின்றுவிடும்.
பெருநாள் கழியும்வரை
எங்கள் சோப்பை யாரும் கேட்கமாட்டார்கள்.
முந்நூறு விருந்தினர் என்றால் முந்நூறு சோப்பு,
மணமக்கள் பெயரின் முதலெழுத்து இரண்டும் அழுத்தி,
வலைத்துணியில் வைத்து, ரிப்பனால் ஒரு முடிச்சு.
அந்த முடிச்சில்தான் நாங்கள் ஐந்து பேர்.

செந்தூலில் டயர் கடைக்கு மேல் இரண்டாம் மாடி.
இன்று தொலைபேசி அடித்தது ஒரே முறை.
கடைச் சொந்தக்காரர் இயோ. வாடகை.

வங்கியில் ஐயாயிரத்து நாற்பது வெள்ளி.
நான்கு பேர் சம்பளம் ஏழாயிரத்து நானூறு.
அதற்குமேல் இபிஎஃப், சொக்சோ, மின்சாரம்.
ஐந்தாவது வரியில் என் பெயர்;
எதிரே ஜனவரியிலேயே ஒரு கோடு.

ஏழாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும், அது சட்டம்.
இருபதாம் தேதி பெருநாள்,
அது ஹயாத்தியின் மூன்று பிள்ளைகளுக்குப் புதுத்துணி.

ராத்திரி சரக்கெண்ண உட்கார்ந்தேன்.
செம்பருத்தி நிறச் சோப்பு ஒன்றின் ஓரத்தில்
கட்டைவிரல் பதிந்த பள்ளம்.
திங்கட்கிழமை அதைப் பச்சை ரிப்பனில் பார்த்தேன்.
புதன்கிழமை மேசையில் கட்டவிழ்ந்து கிடந்தது.
இப்போது தங்கநிற ரிப்பனில் இருக்கிறது.

அவிழ்த்து அவிழ்த்துக் கட்டியிருக்கிறார்கள்.

ரிப்பன் மீட்டர் அறுபது சென் என்றுதான்
மனம் முதலில் ஓடியது.
வெட்கம் பின்னால் வந்தது,
இரண்டு மாடி ஏறி, மூச்சிரைக்க.

வேலை இல்லையென்று நான் சொல்லிவிடுவேனோ என்று
பயந்து கட்டினார்களா?
வேலை இல்லாததை நான் பார்த்துவிடக் கூடாதென்று
எனக்காகக் கட்டினார்களா?
கேட்கிற விஷயமா இது.

காலையில் எல்லோரையும் உட்காரவைத்தேன்.
விடிய விடிய ஒத்திகை பார்த்த வாக்கியம்
வாயிலேயே உடைந்துபோக,
கணக்கு நோட்டை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தேன்.
ஹயாத்திக்கு முழுதும் இப்போதே.
மற்றவர்களுக்குப் பாதி இப்போது,
பாதி, அடுத்த கல்யாணத்துக்கு.

ஜெரால்டு "சரிக்கா" என்றான்.
ராத்திரியில் சாப்பாடு டெலிவரிக்கு ஓடுகிறானாம்,
நான்கு மாதமாக. எனக்கு இன்றுதான் தெரியும்.
"தாக் அப்பா, காக், எனக்கும் பாதி போதும்"
என்ற ஹயாத்தியின் கண்
சன்னலை விட்டுத் திரும்பவில்லை.
குமுதவல்லி தலையாட்டினாள், எதற்கென்று புரியவில்லை.

"எனக்கு முழுசா வேணும்க்கா" என்றாள் தவச்செல்வி.
"பாதிக் காசு குடுத்தா பள்ளி வேன்காரன்
பாதி வழியில பிள்ளைய எறக்கிவிட்டுருவான்."

கீழே யாரோ டயருக்குக் காற்றடித்தார்கள்.
எல்லோரும் அதையே கேட்டுக்கொண்டிருந்தோம்.
எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.
ஒருத்தியாவது இதைச்
சம்பளம் என்று நினைக்கிறாள்.

நூறு கிராம் சோப்புக்கு
நூற்றுப் பதினைந்து ஊற்றுவோம் நாங்கள்.
ஆறு வாரம் தட்டில் காய்ந்தால் எடை இறங்கும்.
தெரிந்தே கூட்டி ஊற்றுகிற கை இது.
டிசம்பரில், பள்ளி விடுமுறைக் கல்யாணங்களில்
காசு கொட்டியபோது
அதே கைதான்
புது லேபிள் மெஷினுக்குக் கையெழுத்துப் போட்டது.

பூச்சோங்கில் ஒருவர் அதைப் பாதி விலைக்குக் கேட்டார்.
இரண்டாயிரத்து இருநூறு. ஜெரால்டே
வேனில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான்.
இன்னும் நூற்று அறுபது குறைகிறது.
இபிஎஃப் தனி. இயோ தனி.

ஆறாம் தேதி சாயங்காலம்
பத்து வெள்ளியும் ஐம்பது வெள்ளியுமாகக் கலந்த கட்டை
தவச்செல்வி என் எதிரிலேயே இரண்டு முறை எண்ணினாள்.
மூன்றாம் முறை எண்ணும்போது
நானும் உதடசைத்துக்கொண்டிருந்தேன்.